வாபஸ் மட்டும் வாங்காதே

வேலூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சேலைப் பாக்கி வழக்கில் வந்த எதிருரையை நீ அனுப்பியிருந்தாய், படித்தேன். "கடை என் மகனுடையது, எனக்குச் சம்பந்தமில்லை, வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும்" என்கிறார் பெரியவர். ஆரணிக்கு வந்து சேலைகளைப் புரட்டிப் பார்த்து விலை பேசியவரும் அவர்தான்! அக்கா இதற்காகச் சாப்பாட்டை விடவேண்டாம். ஆளை மாற்றிச் சேர்த்ததற்காக மட்டும் வழக்கு தோற்காது.

வாபஸ் வாங்கிப் புதிதாகப் போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. கோர்ட் அனுமதி இல்லாமல் வாபஸ் வாங்கினால் மறுபடி போட முடியாது. அனுமதியோடு வாங்கினாலும், சரக்கு கொடுத்து மூன்று வருஷம் தாண்டிவிட்டதே, காலாவதி என்று மகன் கையை விரித்துவிடுவான். எதிருரையே அந்த வலைதானோ என்று எனக்குச் சந்தேகம்.

நீ போட்ட பில்லை எடு. வாங்கியவர் பெயருக்குக் கீழே கடையின் ஜி.எஸ்.டி. எண் இருக்கும், பதினைந்து எழுத்து. முதலில் வரும் 33 தமிழ்நாடு. அடுத்த பத்தும் பான் நம்பர். மொத்தத்தில் ஆறாவது எழுத்தைப் பார்: 'பி' என்றால் தனி ஆள் கடை, 'எஃப்' என்றால் பங்குதாரர்கள், 'எச்' என்றால் கூட்டுக் குடும்பம். எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் கடைப் பெயர் தனியாக, உரிமையாளர் பெயர் தனியாக வரும். அதை அச்செடுத்து வக்கீலிடம் கொடு.

சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 1 ரூல் 10-இல் மகனைச் சேர்க்க மனு போடவேண்டும், பிராதைத் திருத்த ஆர்டர் 6 ரூல் 17-ஐயும் சேர்த்துக்கொள்ளச் சொல். பிராதில் கடைப் பெயரைத்தானே பிரதிவாதியாகப் போட்டு, பெரியவரை உரிமையாளர் என்று காட்டியிருக்கிறோம்? அது நமக்கு நல்லது. தனி ஆள் நடத்தும் கடை மேல் கடைப் பெயரிலேயே வழக்குப் போடலாம், ஆர்டர் 30 ரூல் 10. ஆகவே ஆள் மாறவில்லை, விவரம்தான் பிசகு என்று முதலில் வாதாட வேண்டும். மரம் விற்ற மனோகர் லால் 1950-இல் நைனிடாலில் தன் கடைப் பெயரில் வழக்குப் போட்டார். திருத்தக்கூடாது என்று அலகாபாத் ஹைகோர்ட் சொன்னதை 1969-இல் சுப்ரீம் கோர்ட் மாற்றியது. பத்தாயிரத்துச் சொச்ச ரூபாய்க்குப் பத்தொன்பது வருஷம், பாவம்.

இல்லை, மகன் புது ஆள்தான் என்று ஜட்ஜ் நினைத்தால் அவனைச் சேர்த்த நாளிலிருந்துதான் அவன் மேல் வழக்கு என்று கணக்கு, காலம் போய்விடும். அதற்கும் வழி உண்டு. நல்லெண்ணத்தில் நேர்ந்த பிசகு என்றால் பழைய தேதியையே கோர்ட் கொடுக்கலாம், காலவரையறைச் சட்டம் 21-ஆம் பிரிவு. மனுவில் இரண்டையும் கேட்கச் சொல்.

ஒரு முள் இருக்கிறது. நடுவில் வந்த பணம் மகன் கணக்கிலிருந்து வந்தது, உன் பாஸ்புக்கிலேயே தெரிகிறது. அப்போதே தெரியுமே என்று குறுக்கு விசாரணையில் மடக்குவார்கள். மறைக்காதே. அப்பன் வாங்கினார், பிள்ளை பணம் போட்டான் என்றுதான் நினைத்தேன் என்பது உண்மை, அதையே அபிடவிட்டில் எழுது.

உத்தரவு கிடைத்ததும் தறியைக் காரணம் சொல்லித் தள்ளிப்போடாதே. கெடு குறிக்காவிட்டால் பதினான்கு நாளுக்குள் பிராதைத் திருத்தியாக வேண்டும், மகனுக்குச் சம்மனும் போகவேண்டும். அடுத்த வாய்தாவுக்கு முன்னால் மனு உள்ளே போகட்டும். பில், பாஸ்புக் பக்கம் இரண்டையும் இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பு, அபிடவிட் நகலை நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாமா