மோல்ற்றா: கற்றீவிற் பத்து நாள்

இலண்டனில் வாழும் எம் தம்பியை நாம் நேரிற் கண்டு பதினான்கு ஆண்டுகளாகியிருந்தன. 2024ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறையில் எங்கேனும் ஓரிடத்திற் கூடுவதென்று இரு குடும்பத்தாரும் தீர்மானித்தோம். அவர் இங்கு வந்தால் உறவினர் வீடுகளில் விருந்துண்பதிலேயே நாட்கள் கழிந்துவிடும். நாம் அங்கு சென்றால் அவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். ஆதலின் இரு சாராருக்கும் புதியதான ஓரிடமே தக்கதென முடிவாயிற்று. மோல்ற்றாவைத் தெரிந்தெடுத்தவர் எம் துணைவியார். காரணம் கேட்டபோது, "சின்ன இடம், பிள்ளைகள் தொலைந்துபோக மாட்டார்கள்" என்றார்.

மத்தியதரைக் கடலிலே, சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவில் மோல்ற்றா, கோசோ, கொமினோ என்னும் தீவுகள் கிடக்கின்றன. யாவும் சேர்ந்து 316 சதுர கிலோமீற்றரே; யாழ்ப்பாண மாவட்டத்தின் மூன்றிலொரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. ஆறு இல்லை, காடு இல்லை. நோக்குமிடமெங்கும் தேன்நிறச் சுண்ணக்கல். வீடும் கோயிலும் கோட்டையும் வயல்வேலியும் அக்கல்லினாலேயே ஆனவை. நெடுந்தீவில் முருகைக்கல் அடுக்கிய வேலிகளைப் பார்த்தவர்க்குக் கோசோவின் வயல்கள் முன்னரே கண்டவை போலத் தோன்றும்.

கொழும்பிலிருந்து நேர் விமானம் இல்லை, வழியில் மாறவேண்டும். செங்கன் விசாவையும் முன்னரே பெறல் வேண்டும். பங்குனி, சித்திரை மாதங்களே எம்மவர்க்கு ஏற்றவை. வெயில் இதமானது, வயல்களில் மஞ்சட் பூக்கள் நிறைந்திருக்கும். கடல் மட்டும் அப்போது பனிநீர் போற் குளிரும். எம் தம்பி மகன் வீரத்துடன் குதித்து, அதைவிட வேகமாகக் கரையேறினான். ஆடி, ஆவணி மாதங்களில் வெப்பமும் சனக்கூட்டமும் தாங்கவொண்ணா எனக் கேள்வி. சித்திரையிலேயே பஸ் வண்டிகள் நிறைந்து, கை காட்டியும் நில்லாது சென்றன. ஒருமுறை நாற்பது நிமிடம் தெருவோரத்தில் நின்று சலித்தோம்.

தலைநகரான வலெற்றா, 1565ஆம் ஆண்டின் பெரும் முற்றுகையிலே துருக்கியரை எதிர்த்து நின்ற வீரத்துறவியர் சபை, மறு ஆண்டில் அடிக்கல் நாட்டிய நகரம். நேர்கோடு கிழித்தாற்போன்ற வீதிகள்; பல வீதிகள் படிகளாகவே இறங்கும்; எந்த வீதியின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல் தெரியும். அங்குள்ள புனித யோவான் பேராலயத்தில் 1608இல் கரவாஜியோ வரைந்த பெரும் ஓவியம் உளது. வெட்டுண்ட யோவானின் கழுத்திலிருந்து வழியும் குருதியிலே ஓவியர் தம் பெயரை எழுதியுள்ளார். அவர் கையொப்பமிட்ட ஓவியம் அது ஒன்றே. எம் மகள் அதன்முன் நெடுநேரம் பேசாது நின்றாள்.

இன்னொரு செய்தி மாணாக்கர்க்கு உவப்பாகும். 1805 முதல் 1811 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்து, கல்கிசையில் மாளிகை அமைத்த சேர் தோமஸ் மெயிற்லண்ட், 1813இல் மோல்ற்றாவின் தேசாதிபதியானார். 1824இல் அங்கேயே இறந்தார். எம் தீவையும் அத்தீவையும் ஒருவரே ஆண்டிருக்கிறார் என்பது அங்கு செல்லும்வரை எம் நினைவுக்கு வரவில்லை. வரலாறு படிப்பிக்கும் ஒருவர்க்கு இது சிறிது வெட்கமே.

எம்மை மிகவும் ஈர்த்தது தண்ணீரின் கதை. மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும். இதனை எம் கிணற்றடியிற் கற்றவர் அங்கும் எளிதில் உணர்வர். வலெற்றா நகரைக் கட்டியபோதே ஒவ்வொரு வீட்டின் கீழும் மழைநீர்த் தொட்டி ஒன்று குடைதல் வேண்டுமென விதித்தனர். அதுவும் போதாமையால் 1615இல் ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளமான கல்வாய்க்கால் அமைத்து ஊற்றுநீர் கொணர்ந்தனர். இன்று குடிநீரிற் பாதிக்கு மேற்பட்டது உப்பகற்றிய கடல்நீர்.

1902இல் பாவோலா என்னும் ஊரிலே புதுவீடுகளுக்குத் தொட்டி குடைந்த தொழிலாளர் ஒரு பாறையைத் துளைத்தபோது, கீழே ஐயாயிரம் ஆண்டுப் பழைமையுடைய நிலவறை மயானம் வெளிப்பட்டது. ஹால் சப்லியேனி எனப்படும் அதனுள்ளே, மூச்சின் ஈரத்தாற் சுவர்கள் கெடாதிருக்க, நாளொன்றுக்கு 80 பேரையே அனுமதிக்கின்றனர். பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யவேண்டுமாம். நாம் அதை அறியாது வாயில்வரை சென்று திரும்பினோம். வாசகர்கள் விமானச் சீட்டு வாங்கும் நாளிலேயே இதையும் பதிவு செய்வாராக.

அந்த ஏமாற்றம் கோசோவில் ஓரளவு தீர்ந்தது. கப்பலில் அரைமணிக்குட் சென்றுவிடலாம். கட்டணத்தைத் திரும்பும்போதுதான் வாங்குகிறார்கள். அங்குள்ள ஜிகன்தீயா என்னும் கற்கோயில் கி.மு. 3600 அளவில் எழுந்தது. எகிப்தியப் பிரமிட்டுகளுக்கும் மூத்தது. பழைய புத்தகமொன்றிற் படம் பார்த்து, கடலில் நின்ற "நீலச் சாளரம்" என்னும் கல்வளைவைக் காண எம் மகள் ஆசைப்பட்டிருந்தாள். 2017 மார்ச் 8ஆம் நாள் புயலில் அது இடிந்து வீழ்ந்துவிட்டது. வெறும் பாறையையும் அலையையும் பார்த்து நின்றோம்.

மரக்கறி உண்போர் அஞ்சவேண்டியதில்லை. பாற்கட்டியோ பட்டாணியோ உள்ளிட்ட பஸ்தீற்சி என்னும் சிற்றுண்டி மூலைக்கு மூலை கிடைக்கும். மாவிற் கொழுப்புச் சேர்ப்பதும் உண்டு, கேட்டு வாங்குக. பாண் வெகு நேர்த்தி.

ஞாயிற்றுக்கிழமை மார்சஷ்லொக் என்னும் மீன்பிடித் துறைக்குப் போனோம். மஞ்சளும் நீலமும் சிவப்பும் பூசிய தோணிகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் இரு கண்கள். தம்பி மகனுக்கு வயது பன்னிரண்டு, இலண்டனிற் பிறந்தவன், தமிழ் ஓரளவு விளங்கும், பேசமாட்டான். எம்மிடமும் ஆங்கிலத்திலேயே பேசினான். அங்கே அவன் வயதொத்த சிறுவர்கள் தம்முள் மோல்ற்றா மொழியிலும், எம்மோடு ஆங்கிலத்திலும் மாறிமாறிப் பேசுவதைக் கூர்ந்து பார்த்தான். அரபு மொழியின் வழிவந்து, உரோம எழுத்தில் எழுதப்பெறும் அம்மொழியை ஐந்து இலட்சம் பேரளவிலேயே அங்கு பேசுகின்றனர். 1934இலேதான் அது ஆட்சிமொழியாயிற்று. 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளிலும் ஒன்று. கத்தோலிக்க மக்களாகிய அவர்கள் கடவுளை "அல்லா" என்றே அழைக்கின்றனர்.

வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவரிடம், தோணியின் கண்ணுக்கு உங்கள் சொல் யாதென்று பையன் கேட்டான். "ஆய்ன்" என்றார் அவர். நீரூற்றுக்கும் அதே சொல்லென்றும் சொன்னார். பையன் எம் பக்கந் திரும்பி, "பெரியப்பா, தமிழில் அப்படி இல்லைத்தானே?" என ஆங்கிலத்தில் வினவினான்.

"ஊற்றுக்கண்" என்றோம்.

தம்பி ஒன்றும் பேசவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையன் அச்சொல்லை இருமுறை சொல்லிப் பார்த்தான். ஊரிலே கிணறு இறைத்துச் சேறு வாரும்போது அடியிற் கண் திறப்பதை அவனுக்கு விரித்துரைத்தோம். பஸ் வருமட்டும் அது பற்றியே பேச்சு. அன்றும் முதலிரு வண்டிகள் நில்லாமற் போயின. ஒருவருக்கும் குறையாகத் தோன்றவில்லை.

வைகாசியில் அவனிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. தோணிப் படம். கீழே தமிழெழுத்தில் ஒரே ஒரு வரி: "எங்கட கிணத்தில எத்தினை கண்?" மூன்று என்று மறுமொழி எழுதினோம். அடுத்த ஆவணியில் வந்து எண்ணிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.