கியூடெக்ஸா, ஸ்டிக்கரா, மருதோன்றியா?



பெருநாள் கிட்ட வந்தால் எங்கள் ஆசிரியர் அறைக்கு ஒரு கேள்வி தவறாமல் வரும். உம்மாமாரும் கேட்பார்கள், சா.தர வகுப்புப் பிள்ளைகளும் கேட்பார்கள்: "டீச்சர், நகத்துக்கு எதப் போட்டா நல்லம்?" அந்தக் கேள்வியில் பாதி அழகு, பாதி வுழூ. போன தவணை விடுமுறையில் நாங்கள் நாலு டீச்சர்மார் சேர்ந்து, ஃபென்சி கடையில் கிடைக்கிறதையெல்லாம் வாங்கி எங்கள் விரல்களிலேயே போட்டுப் பார்த்தோம். தொழுகையில்லாத நாட்களில், ஆளுக்கு ஆள் முறை வைத்து. பதிவு கொஞ்சம் நீளம். பெண்பிள்ளைகள் உள்ள வீடுகள் பொறுமையாக வாசியுங்கள்.

கடைக்காரர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "ரெண்டு கிழமைக்கு அசையாது." ஐந்து நேரம் தொழுகிற வீட்டுக்கு அந்தப் பெருமை எதற்கு? எவ்வளவு நேரத்தில் கழரும், கழட்டும்போது நகம் சேதமாகுமா, வீட்டில் இருக்கிற சாமான் போதுமா என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியது. நகத்தின் மேல் தண்ணீர் போகாத ஒரு படை இருந்தால் வுழூவும் கடமையான குளிப்பும் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் நாங்கள் கழட்டுகிற கணக்கிலேயே எல்லாவற்றையும் அளந்தோம்.

முதலில் பழைய கியூடெக்ஸ். கியூடெக்ஸ் என்பது அமெரிக்கக் கம்பனி ஒன்றின் பேர். எந்தக் கம்பனிப் போத்தலாக இருந்தாலும் நாங்கள் கியூடெக்ஸ் என்றுதானே சொல்கிறோம், அது அப்படியே இருக்கட்டும். கழட்டுகிற கணக்கில் இது நல்ல இடத்தில் நிற்கிறது. ரிமூவர் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்துப் பத்து எண்ணிவிட்டு இழுத்தால் போதும், இரண்டு கையும் ஐந்து நிமிடத்தில் முடியும். தடிப்பாக ஒரு தரம் பூசாமல் மெல்லிசாக இரண்டு தரம் பூசினால் காய்வதும் சுகம், கழட்டுவதும் சுகம். கடும் சிவப்பு, கடும் ஊதா பூசுகிறவர்கள் அடியில் நிறமில்லாத பூச்சு ஒன்று பூசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நகம் மஞ்சள் பிடிக்கும். ரிமூவர் நகத்தைக் காய வைக்கும், பிறகு இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தேய்த்தால் சரி. ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ரிமூவரில் இருக்கிற அசிட்டோன் நெருப்புப் பிடிக்கும் திரவம், அதன் ஆவியும் நெருப்புப் பிடிக்கும். காஸ் அடுப்பு எரிகிற குசினியில் இருந்து கழட்டாதீர்கள்.

அடுத்தது ஸ்டிக்கர், ரெப் என்று விற்கிற சாமான்கள். இதில்தான் குழப்பம் கூட. ஒரே மாதிரிப் பெட்டிக்குள் மூன்று வேறு வேறு பொருட்கள் இருக்கின்றன, ஒன்லைனில் விற்கிறவர்கள் பலர் எது என்று சொல்வதுமில்லை.

ஒன்று, வெறும் பிளாஸ்டிக் தாள். சூடு காட்டினால் இழுபடும், நகத்தின் வளைவுக்குப் படியும். இரண்டாவது, உண்மையான நெயில் பொலிஷையே காயவைத்துத் தாளாக்கியது. பையை உடைத்தால் கியூடெக்ஸ் மணம் வரும், உடைத்துவிட்டு வைத்தால் இறுகி நொறுங்கும். மூன்றாவது, அரைகுறையாக இறுகிய ஜெல் தாள். பெட்டிக்குள் ஒரு சின்ன யூவி லாம்பு இருந்தால் அது இதுதான்.

பிளாஸ்டிக் ஸ்டிக்கரைச் சுடுதண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் போட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து, ஓரத்தில் இருந்து மெதுவாகச் சாய்த்து எடுத்தால் முழுசாக வரும். ரிமூவர் தேவையில்லை. பொலிஷ் தாளுக்குக் கியூடெக்ஸைப் போலவே ரிமூவர் போதும், கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். ஜெல் தாளின் கதையைக் கீழே சொல்கிறோம்.

எங்கள் ஊர் வெக்கைக்கும் வேலைக்கும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் நின்று பிடிக்காது. தேங்காய் துருவி, மீன் கழுவி, உடுப்புத் தோய்த்த கையில் மூன்றாம் நாளே நுனி கிளம்பிவிட்டது. கிளம்பினால் உடனே எடுத்துவிடுங்கள், பசை போட்டு மறுபடி ஒட்ட வேண்டாம். அடியில் ஈரம் தங்கினால் கிருமி வளரும், நகத்தில் பச்சையாகக் கறை விழும். பெருநாள் ஒரு நாளுக்கும் கலியாண வீடு ஒரு இரவுக்கும் என்றால் இதை விடச் சுகமான சாமான் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கும் இதுதான் எங்கள் தெரிவு. விரல் சூப்புகிற வயசாக இருந்தால் அதுவும் வேண்டாம், வாய்க்குள் போய்விடும்.

ஒட்டு நகம் வாங்குகிறவர்கள் பெட்டியில் இருக்கிற இரட்டை ஒட்டுத் தாளைப் பாவியுங்கள், பசைக் குப்பியைத் தொடாதீர்கள். அந்தப் பசை நகத்தோடு சேர்த்து இறுகும். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ சிந்தினால் சூடாகித் தோலைச் சுடும். ஒட்டுத் தாள் என்றால் சுடுதண்ணீரில் கழன்று வரும்.

இப்போது ஜெல். எங்கள் கவலை முழுக்க இதில்தான். லாம்பும் போத்தலும் சேர்த்து வீட்டுக்கே அனுப்புகிறார்கள், ஏ.எல் படிக்கிற பிள்ளைகள் கூட்டாகக் காசு போட்டு வாங்குகிறார்கள். பார்க்க வடிவுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது காய்வதில்லை, லாம்பு வெளிச்சத்தில் இறுகிப் பிளாஸ்டிக் ஆகிறது. கழட்ட மேல்பளபளப்பை அரத்தால் தேய்த்து, அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்து, ஈயத்தாள் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் இருக்க வேண்டும். சுபஹுக்கு எழும்பி யார் இதைச் செய்வது? செய்வதில்லை. பல்லால் கடித்து, நகவெட்டியால் கிண்டி, பிய்த்து எடுக்கிறார்கள். ஜெல்லோடு நகத்தின் மேற்படையும் உரிந்து வருகிறது. நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான் வளரும், சேதமான நகம் முழுசாக மாற ஆறு மாதம் வரை போகும். அப்படிக் கடதாசி மாதிரி வளைகிற நகத்தோடு பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள், பேனை பிடித்தாலே நோகிறது என்கிறார்கள்.

அதை விடப் பெரியது ஒவ்வாமை. இறுகாத ஜெல் தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் விரலெல்லாம் சொறிந்து கொப்புளிக்கும். அந்த ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் போகாது. பல் நிரப்புகிற மருந்தில் பாவிக்கிற இரசாயனங்களும் இதே குடும்பம் என்பதால், பிறகு பல் வைத்தியத்துக்குப் போனாலும் சிக்கல் வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் ஹேமா என்ற பொருள் உள்ள ஜெல்களைத் தொழில் செய்பவர்கள் மட்டும் பாவிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. டிபிஓ என்ற இன்னொரு பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் முழுசாகத் தடை செய்தது. நீங்கள் வாங்குகிற போத்தலில் இந்த இரண்டு பேரும் இருக்கிறதா என்று பாருங்கள். பொருட்பட்டியலே இல்லாத போத்தலை வாங்கவே வேண்டாம்.

பிள்ளைப்பேற்றுக்கு நாள் குறித்திருக்கிற தங்கச்சிமாருக்கும் ஒரு சொல். ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் ஒட்சிசன் பார்க்க விரலில் ஒரு கிளிப் போடுவார்கள், நகத்தின் நிறத்தையும் பார்ப்பார்கள். அதற்கு நகம் வெறுமையாக இருக்க வேண்டும். அவசரமாகக் கொண்டு போகிற இரவில் ஜெல் கழட்ட யாருக்கும் நேரம் இருக்காது. மையித்துக் குளிப்பாட்டுகிற ராத்தாமார் படுகிற பாட்டை நாங்கள் எழுதத் தேவையில்லை, கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

"மூச்சு விடுகிற பொலிஷ் இருக்கே டீச்சர், அதுக்கு மேலால வுழூ எடுக்கலாமாம்" என்று கேட்கிறவர்கள் கூட. போலந்து நாட்டுக் கம்பனி ஒன்று முதலில் இதைப் பேர்பெற வைத்தது, இப்போது பல கம்பனிகள் விற்கின்றன. நாங்கள் டிசுத் தாளில் பூசித் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். சும்மா விட்டால் துளி மேலேயே நின்றது, விரலால் தேய்த்தால் அடித்தாள் நனைந்தது. ஆனால் டிசுத் தாள் நகமில்லை, அதில் ஓட்டைகள் இருக்கின்றன. நீராவி போவது வேறு, தண்ணீர் போய் நகத்தை நனைப்பது வேறு. உலமாக்களிடமும் இதில் ஒரே பேச்சு இல்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையில்லை. பெட்டியையே கொண்டு போய் உங்கள் மௌலவியிடம் காட்டிக் கேளுங்கள், விளம்பரத்திடம் கேட்காதீர்கள்.

மருதோன்றிக்கு இந்தப் பிரச்சினை ஒன்றுமில்லை. அது நகத்துக்குள் ஊறுகிற சாயம், மேலே படை இல்லை. அரைத்த பசையைக் கழுவி எடுத்துவிட்டால் வுழூ தாராளமாகக் கூடும். தோலில் ஒன்றிரண்டு கிழமையில் மங்கும், நகத்தில் அது வளர்ந்து போகும் வரை நிற்கும். இலை கிடைக்கிற வீடுகள் இலையையே அரையுங்கள். கோன் வாங்கினால் "ஐந்து நிமிடத்தில் கறுப்பு" என்று போட்டதை விட்டுவிடுங்கள். மருதோன்றி ஒரு நாளும் கறுப்பாகச் சிவக்காது. அந்தக் கறுப்புக்குப் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் வருகிற பிபிடி என்ற பொருள்தான் காரணம், கொப்புளம் போட்டுத் தழும்பாகிறதும் அதனால்தான்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். கலர் பூசிய விரலைப் பார்த்ததும் "ஆ, அவவுக்குத் தொழுகை இல்லை" என்று கணக்குப் பார்க்கிற கண்கள் எங்கள் ஊரில் இருக்கின்றன. ரியூஷன் வகுப்புப் பொடியன்மாருக்கும் இப்போது அது தெரிகிறது. ஒரு பிள்ளை கையைப் பர்தாவுக்குள் ஒளித்துக்கொண்டு எழுதியதை நாங்கள் கண்டோம். வுழூ எடுத்துவிட்டுப் பூசினால் அந்த வுழூ முறியும் வரை தாராளமாகத் தொழலாம், முறிந்தால் கழட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே விரலைப் பார்த்து ஒரு பிள்ளையின் நாளை யாராலும் சொல்ல ஏலாது. உம்மாமார் வீட்டில் ஆண்பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

இப்போதே ஜெல் போட்டுக்கொண்டு இதை வாசிக்கிற பிள்ளைகள் பிய்க்க வேண்டாம். அரம், அசிட்டோன், பஞ்சு, ஈயத்தாள் நாலையும் எடுத்துக்கொண்டு யன்னல் திறந்த அறையில் இருங்கள். பதினைந்து நிமிடத்தில் இளகாவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் சுற்றிவையுங்கள், மரக்குச்சியால் தள்ளுகிறபோது தானாக வர வேண்டும். முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி எண்ணெய் தேயுங்கள். பயமாக இருந்தால் இடைவேளைக்கு ஆசிரியர் அறைக்கு வாருங்கள், ஈயத்தாள் எங்களிடம் இருக்கிறது.