‘சங்கதி’ வாசித்த மாலைகள்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. தூக்குச்சட்டியும் தலைக்கொரு துணியுமாக நெருக்கியடித்து அமர்ந்து, முந்தலைக் கடந்து, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு நம் பெண்கள் செல்கின்றனர். ஏலக்காய் உச்சியில் காய்ப்பதன்று. தூரடியில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்ப்பது. நாள் முழுதும் குனிந்தோ குந்தியோதான் பறிக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக்கடி வேறு. இவர்களுக்கு நூலும் வாசிப்பும் ஏது என்றே நானும் எண்ணியிருந்தேன்.

பாமாவின் ‘கருக்கு’ 1992-ஆம் ஆண்டு வெளிவந்தது. வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்து, துறவற சபையில் சேர்ந்து, பின்னர் வெளியேறிய ஒரு பெண்மணி, தலித் கிறிஸ்தவராய்த் தாம் பட்டவற்றைத் தம் தெருப் பேச்சிலேயே எழுதிய தன்வரலாறு அது. குருமடத்தில் அதனை வாசித்தபோது எனக்குச் சினமே மூண்டது. வீட்டுக் குற்றத்தை வீதியில் சொல்லலாமா என்று நண்பர்களிடம் வாதாடினேன். 1994-இல் வந்த அவருடைய ‘சங்கதி’ என்னும் புதினத்தை நெடுநாள் தொடவேயில்லை.

சென்ற ஆண்டு எங்கள் அன்பியக் கூட்டத்தில், கல்லூரியில் பயிலும் மகள் ஒருத்தி அதனை வாரம் ஒரு பகுதியாக உரக்க வாசித்தாள். ஒரே வேலைக்கு ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தனர், மகிழ்ச்சிச் சிரிப்பன்று. “இதையெல்லாமா சாமி புத்தகத்துல போடுவாங்க?” என்று எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் கேட்டார். செந்தமிழே இலக்கியம் என்று பயின்று வந்த எனக்கு விடை கூற நா எழவில்லை.

மறுவாரம், நிலவுடைமையாளன் ஒருவனிடமிருந்து தப்பியோடிய பெண்ணின் மீதே பழி சுமத்தி, ஊர்க்கூட்டம் அவளைத் தண்டிக்கும் பகுதி. வாசித்து முடிந்ததும், “பாவம், அந்தப் பிள்ளை” என்றேன். மூலையில் இருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்தார்.

“நான் வந்து சொன்னப்போ நீங்க நம்பலையே, சாமி?”

பல்லாண்டுகளுக்கு முன் அவர் பங்குமனைக்கு வந்து, தோட்டத்துக் கண்காணி ஒருவனைப் பற்றிச் சொன்னது நினைவிற்கு வந்தது. (பாவசங்கீர்த்தனத்தில் அன்று, ஆகவே இங்கே எழுதுகிறேன். அவருடைய இசைவும் பெற்றேன்.) “பொறுத்துக்கொள் மகளே, வேலை போய்விடும்” என்று நான் அன்று கூறியிருந்தேன். எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் மரியாமா பா என்னும் ஆசிரியை, 1979-இல் பிரெஞ்சு மொழியில் ஒரு புதினம் வெளியிட்டார். கணவன் தன் மகளின் தோழியையே இரண்டாம் தாரமாக்கிக்கொண்ட துயரை, கைம்பெண்ணான பின் ஒருத்தி தன் தோழிக்குக் கடிதமாக எழுதும் கதை. ‘நான்’ என்று சபையில் சொல்ல முடியாததை ‘அவள்’ என்று கதையில் சொல்லலாம். கேட்பவள் அதனை மீண்டும் ‘நான்’ ஆக்கிக்கொள்கிறாள். எங்கள் கூட்டத்திலும் அதுவே நிகழ்ந்தது. அன்றிரவே வேறு இருவர் வாய் திறந்தனர். ஒரே ஜீப்பில் செல்வோர், தோட்டத்தில் எவரும் தனித்து நின்று பறிப்பதில்லை என்று தமக்குள் முடிவு செய்தனர். கண்காணியிடம் பேசச் சென்றபோது என்னையும் அழைத்தனர். பின்னால் நின்றேன், பேசியவர்கள் அவர்களே.

‘சங்கதி’ முடிந்துவிட்டது. இப்போது அந்த மூதாட்டி தம் கதையைச் சொல்ல, கல்லூரி மகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறாள். அதில் ஒரு சாமியாரும் வருகிறாராம். என்ன எழுதியிருக்கிறது என்று நான் இன்னும் கேட்கவில்லை.