இரண்டு குரல், ஒரு பெயர்

கோலியனூரில் எங்கள் வீடு கந்த சஷ்டி கவசத்தோடுதான் விழிக்கும். கோயில் ஒலிபெருக்கியில் சூலமங்கலம் சகோதரிகள் பாட, வாசல் தெளிக்கும் அக்காவும் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நானும் சேர்ந்துகொள்வோம். "பாடுறது ரெண்டு பேரா, ஒருத்தியா?" என்பாள் அம்மா. அதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்கு இல்லை.

ஜெயலட்சுமி, ராஜலட்சுமி. பிறந்த ஊர்ப் பெயர் முன்னால் வந்து, சொந்தப் பெயர்கள் உதிர்ந்து, 'சகோதரிகள்' மட்டும் நிலைத்தது. கர்நாடக இசை மேடையில் பெண்கள் இணைந்து பாடும் வழக்கத்தின் முன்னோடிகளில் இவர்களும் உண்டு. தங்கை ராஜலட்சுமி சினிமாவிலும் பாடினார்; 'கந்தன் கருணை'யில் (1967) பி. சுசீலாவோடு பாடியது இன்றும் ஒலிக்கிறது. 'தரிசனம்' (1970) படத்துக்கு இசையமைத்தவரும் அவரே. பெண் இசையமைப்பாளர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய துறை அது. தினமும் அவர் குரலில் விழித்த எனக்கு, முனைவர் பட்டம் வாங்கிய பிறகுதான் இது தெரிந்தது.

அமெரிக்காவின் ஆண்ட்ரூஸ் சகோதரிகள் மூவரும் ஒரே வரியை ஆளுக்கொரு ஸ்வரத்தில் பாடினார்கள். ஒருத்தி நிறுத்தினால் பாட்டில் ஓட்டை விழும். கவசத்தில் இருவரும் ஒரே ஸ்வரத்தில் கரைய வேண்டும். ஒருத்தி நிறுத்தினாலும் பாட்டு போய்க்கொண்டே இருக்கும்.

அக்காவின் சுருதி ஐந்தரைக் கட்டை, என்னுடையது நாலரை. பள்ளி ஆண்டு விழாவில் என் சுருதியில்தான் பாடினோம். எனக்கு எட்டாதென்று அவள் இறங்கி வந்தாள். எல்லோரும் "ஒரே குரல்" என்றார்கள். அவளுக்குப் பத்தொன்பதில் கல்யாணம். நான் கல்லூரிக்குப் போனேன். அவள் பாடுவதை நிறுத்தியது வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. அதுதான் நான் பாடிக்கொண்டிருந்தேனே.

1992இல் ராஜலட்சுமி மறைந்தார், ஜெயலட்சுமி 2017இல். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளும் ஒலிநாடாவில் இருவரும் பிரியாமல் பாடினார்கள். தனியே இருந்த அக்காவுக்கு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்?

போன தைக் கிருத்திகைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கைப்பேசியில் சுருதிப் பெட்டியை ஐந்தரையில் வைத்தேன்.

"உனக்கு எட்டாதுடி."

"எனக்கு எட்ட வேணாங்க்கா. நீ பாடு."

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். முதலில் கரகரத்தது, பிறகு ஏறியது. பழக்கத்தில் நானும் சேரப் பார்த்தேன். இரண்டாம் வரியிலேயே குரல் உடைந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா நிறுத்தவில்லை.