யாரையும் விட்டுவிட்டு ஆட முடியாது

விருத்தாசலத்தில் உளுந்தூர்பேட்டை பஸ் ஏறினால் வழியில் வருகிறது மங்கலம்பேட்டை. பேரூராட்சிதான். கடைத்தெருவும் பள்ளிவாசலும் கோயிலுமாக நெருக்கமான ஊர். அதைத் தாண்டினால் முந்திரியும் கரும்பும். நான் போனது ஊருக்குச் சற்று வெளியே இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு. "தாராளமா எழுதுங்க சார், பள்ளிக்கூடத்துப் பேரு மட்டும் வேணாம். நல்லதா எழுதினாலும் யாராச்சும் ஏன்னு கேப்பாங்க" என்றார் தலைமையாசிரியை.

ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 46 பிள்ளைகள். ஆசிரியர்கள் இரண்டு பேர், தலைமையாசிரியையையும் சேர்த்து. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். விளையாட்டுத் திடலும் விளையாட்டுப் பொருள்களும் எல்லாப் பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. உடற்கல்விக்கும் ஓவியத்துக்கும் பகுதிநேர ஆசிரியர் என்று வரும்போது மட்டும் ஆறாம் வகுப்புக்கு மேல், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் என்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பந்து உண்டு, அதைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சட்டம் எழுதியவர்கள் சின்னப் பிள்ளைகள் தாமாகவே விளையாடிக்கொள்வார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. இந்தப் பள்ளியில் அந்த நினைப்பு பாதி பலித்திருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது காலை வழிபாடு தொடங்கவில்லை. பிள்ளைகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு முற்றத்தில் இருந்தார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. வயிறு நிறைவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே நான் கவனித்தது அதன் உபரி வரவு. சாப்பாட்டுக்காகப் பிள்ளைகள் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள், சாப்பிட்டு முடித்ததும் மணி அடிக்கும்வரை கையில் நேரம் மிஞ்சுகிறது. கால அட்டவணையில் இல்லாத ஒரு விளையாட்டு வகுப்பு இது. கண்காணிக்க யாரும் இல்லாததால் நன்றாகவே நடக்கிறது.

வேப்பமரத்தடியில் பாண்டி ஆட்டம். தரையில் குச்சியால் கீறிய எட்டுக் கட்டம். ஒரு சிறுமி எறிந்த சில்லு வெயிலில் பளிச்சென்றது. எடுத்துப் பார்த்தேன்: வழவழப்பான வெள்ளைப் பீங்கான், ஓரம் தேய்த்து வட்டமாக்கியது. "ஃப்யூஸ் கட்டை சார், உடைஞ்சது" என்றாள். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பொம்மை, அகல்விளக்கு, மின்சார ஃப்யூஸ் கட்டை எல்லாம் செய்கிறார்கள். அந்தத் தொழிலைப் படிப்பதற்கென்றே அங்கே ஓர் அரசுக் கல்வி நிலையமும் உண்டு. பிள்ளைகளின் அம்மாக்களில் சிலர் காலை பஸ்ஸில் அந்தப் பட்டறைகளுக்குப் போய் பொம்மைக்கு வண்ணம் அடிக்கிறார்கள். ஓட்டுச் சில்லு துள்ளி ஓடிவிடுமாம், பீங்கான் போட்ட இடத்தில் நிற்குமாம். ஆடிப் பார்த்தவள் சொல்கிறாள், நான் மறுக்கவில்லை.

பதினொரு மணிக்கு ஒரு பையன் வகுப்பிலிருந்து எழுந்து போய்த் தண்டவாளத் துண்டில் மூன்று முறை தட்டினான். தண்ணீர் மணி. குடிக்க மறந்துபோகும் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கல்வித் துறை கொண்டுவந்த ஏற்பாடு. டீச்சர் அவனைப் பார்க்கக்கூட இல்லை, கணக்கை நடத்திக்கொண்டிருந்தார். இந்த வாரம் மணி அவனுடையது. அடுத்த வாரம் அவனுக்குச் செடிக்குத் தண்ணீர், மணி வேறொரு பெண்ணுக்கு. செய்தித்தாள் வாசிப்பது, 'ஊஞ்சல்' சிறுவர் இதழைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து வாங்குவது, பந்தையும் கயிற்றையும் பீரோவில் பூட்டுவது என்று கரும்பலகையின் ஓரத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. பேர்கள் வாராவாரம் ஒரு வரி கீழே இறங்குகின்றன.

அரசுப் பள்ளிகளில் 2024-இல் 'மகிழ் முற்றம்' என்று குழு முறை வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் தலைவர், மதிப்பெண் பலகை. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிக்கு அது பொருத்தம். 46 பேரை ஐந்தாகப் பிரித்தால் ஒன்பது பேர், மிஞ்சிய ஒருவன் பாலைக்கு. ஒன்பது பேரில் ஒருவன் எப்போதும் தலைவன் என்றால் மற்ற எட்டுப் பேரும் எப்போதும் தொண்டர்கள். தலைமையாசிரியை அதற்கு வழி கண்டிருக்கிறார். பேட்ஜ் ஐந்துதான், ஆனால் மாதம் ஒருவர் குத்திக்கொள்கிறார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் முறை வரும். "வாயே திறக்காத பாப்பா ஒண்ணு இருந்துச்சு சார். பேட்ஜ் குத்துன மாசம் மத்தவங்களை வரிசையில நிக்க வைக்கணுமே, சத்தம் போட்டுத்தானே ஆகணும்?" என்றார். இப்போது அந்தப் பாப்பாவின் வாயை மூட முடியவில்லையாம்.

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் உணவு பரிமாறுவது, வகுப்பைப் பெருக்குவது, அன்றைய பொறுப்பாளராக நிற்பது எல்லாமே முறைவைத்துத்தான். 'டொக்கட்சு' என்று அதைப் பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். எகிப்து அதை ஜப்பானிடமிருந்து வாங்கிப் பள்ளிகளே நடத்துகிறது. நம் ஊரில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. துடைப்பத்தை எந்தத் தெருப் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம் என்பது இங்கே சாதாரணக் கேள்வி அல்ல. ஏதோ ஒரு பள்ளியில் சில பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவ வைத்தார்கள் என்று செய்தி வராத வருஷம் உண்டா? இந்தப் பள்ளியின் பட்டியலில் கழிவறை இல்லை, அதற்குத் தனியாக ஆள் வருகிறார். வகுப்பறை பெருக்குவது இருக்கிறது; அந்த வரியில் அன்றைக்கு எழுதியிருந்த பேர், தலைமையாசிரியையினுடையது.

வெள்ளிக்கிழமை என்பதால் மதியம் பையன்கள் சிலர் அத்தாவோடு ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பும்வரை கோ-கோ தொடங்கவில்லை. யாரும் உத்தரவு போட்டு அல்ல, அவர்கள் இல்லாமல் ஆள் பற்றாது. கோ-கோவில் துரத்தும் அணிக்கு எட்டுப் பேர் உட்கார வேண்டும், ஒருவர் ஓட வேண்டும். இந்தப் பள்ளியில் நான்கு, ஐந்தாம் வகுப்பை ஒட்டுமொத்தமாகச் சேர்த்தாலும் இரண்டு அணி தேறவில்லை. ஆகவே மூன்றாம் வகுப்பும் வருகிறது. அது வந்தால் இரண்டாம் வகுப்பு சும்மா இருக்குமா? கடைசியில் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளும் உட்கார்ந்திருக்கின்றன, எந்தப் பக்கம் முகம் வைப்பது என்று தெரியாமல்.

அவர்களுக்காக ஒரு விதி செய்திருக்கிறார்கள். எந்தக் கையேட்டிலும் அது இருக்காது. ஒன்றாம் வகுப்பை ஒரு தடவை தொட்டால் அவுட் இல்லை, இரண்டு தடவை தொட வேண்டும். நம் காலத்தில் சின்னப் பிள்ளையை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோம், அது அவுட் ஆனாலும் ஆகாவிட்டாலும் கணக்கில்லை. இங்கே கணக்கு உண்டு, இரண்டு உயிர் அவ்வளவுதான். அதிலும் தகராறு வந்தது. இரண்டாவது தொடுதல் சட்டையிலா, முதுகிலா? விசில் வைத்திருந்த ஐந்தாம் வகுப்புப் பெண் ஆட்டத்தை நிறுத்தி, தொடப்பட்ட பொடியனையே கேட்டாள். "முதுகு" என்று அவன் தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான். இரண்டாவது ஆசிரியர் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றவர் நின்றபடியே இருந்தார். அவருடைய திறமை அதுதான் என்று நினைக்கிறேன்.

பெரிய பள்ளிகளில் நான் பார்த்த விளையாட்டு விழாக்கள் நினைவுக்கு வந்தன. பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுப்பார்கள், மீதிப் பேர் கைதட்டுவார்கள். கைதட்டுகிறவர்கள் ஐந்து வருஷமும் கைதட்டியே ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். சின்னப் பள்ளிக்கு அந்த வசதி கிடையாது. அதைக் குறை என்றுதான் எல்லாரும் பேசுகிறோம், பிள்ளைகள் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைப்பது பற்றிக் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கில் கோ-கோவுக்கு ஒரு பத்தி இருந்தால் நன்றாக இருக்கும். மறுபக்கமும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் வேறொரு பள்ளியோடு மோதியதே இல்லை. பள்ளிகளுக்கிடையிலான போட்டிகள் பெரும்பாலும் 14 வயதுக்குட்பட்டோர் என்றுதான் தொடங்குகின்றன. பத்து வயதுப் பிள்ளை அங்கே போய் என்ன செய்யும்?

பள்ளிக்கல்வித் துறையின் கலைத் திருவிழாவில் அந்த வாசல் திறந்திருக்கிறது. 2022-இல் ஆறாம் வகுப்புக்கு மேல் என்று தொடங்கிய போட்டி, 2024-25 கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பு வரை இறங்கி வந்தது. ஒப்புவித்தல், கதை சொல்லல், மாறுவேடம், களிமண் பொம்மை என்று போகிறது பட்டியல். பள்ளி அளவில் வென்றவர்கள் குறுவள மையத்துக்கு, பிறகு வட்டாரத்துக்கு. மாறுவேடத்துக்கு இரண்டு பாரதியாரும் ஒரு காமராஜரும் தயாராக இருந்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள்.

களிமண் மூலையில்தான் நின்றுவிட்டேன். மூன்று பேர் சேர்ந்து யானை செய்துகொண்டிருந்தார்கள். ஏரி மண், கல் பொறுக்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் மண்ணைப் பலகையில் அறைந்து அறைந்து பிசைந்தான். "உள்ள காத்து இருந்தா சூளையில வெடிச்சிடும் சார்." போட்டியில் யாரும் சூளையில் வைக்கப்போவதில்லை, காய்வதற்கு முன்பே மார்க் போட்டுவிடுவார்கள் என்று டீச்சர் சொல்லியும் அவன் நிறுத்தவில்லை. கால்கள் உடம்பின் பாரம் தாங்காமல் வளைந்தன. மூன்றாம் வகுப்புப் பையன் சாக்பீஸ் டப்பாவை யானையின் வயிற்றுக்கு அடியில் முட்டுக் கொடுத்தான். அடுத்து தும்பிக்கை. நாலாம் வகுப்புச் சிறுமி துடைப்பக் குச்சியால் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினாள், தும்பிக்கையின் அடியிலும் அப்படியே. ஒரு மூடியில் கரைத்து வைத்திருந்த மண்குழம்பை இரண்டிலும் தடவி அழுத்திப் பிடித்து, மனசுக்குள் ஏதோ எண்ணினாள். கையை எடுத்தாள். விழவில்லை.

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

"எங்கம்மா. கம்பெனியில கையி, காது எல்லாம் இப்படித்தான் ஒட்டுவாங்க."

மாலையில் தலைமையாசிரியை கைப்பேசியில் துறையின் எமிஸ் தளத்தைத் திறந்து, கலைத் திருவிழாவுக்குப் பெயர் ஏற்ற உட்கார்ந்தார். களிமண் பொம்மை தனிநபர் போட்டி, ஒரு பேருக்குத்தான் இடம். மூவரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணன் போகட்டும் டீச்சர். அடுத்த வருஷம் அது இங்க இருக்காது" என்றாள் சிறுமி.

ஐந்தாம் வகுப்புப் பையன் தலையை ஆட்டினான். "எனக்குத் தும்பிக்கை ஒட்ட வராது டீச்சர். அவளே போகட்டும்."

"எனக்கு மண்ணு பிசைய வராதே."

மூன்றாம் வகுப்புக்காரன், சாக்பீஸ் டப்பா எடுத்துக்கொண்டு போகலாமா என்று மட்டும் கேட்டான். கடைசி நாள் திங்கட்கிழமை. தலைமையாசிரியை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, அடுத்த போட்டிக்குப் போனார்.