மறுப்பும் ஒரு விடையே

சென்ற வியாழன் இரவு பதினொரு மணி. கோந்த்வா குர்தில் நான் வாடகைக்கு இருக்கும் அறை. (குர்த், புத்ருக் என இங்கே இரண்டு கோந்த்வாக்கள் உண்டு. பாரசீக வழியாக மராத்திக்கு வந்த இச்சொற்களுக்குச் சிறியது, பெரியது என்று பொருள்.) மறுநாள் காலை நெறியாளரிடம் என் சொல்தொகுப்பைக் காட்ட வேண்டும். புனேயில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களின் பேச்சைப் பதிவுசெய்து, எழுத்துப்படியாக்கி, தேடிப் பார்க்கும் வகையில் என் மடிக்கணினியிலேயே சிறு வலைத்தளமாக அமைத்திருந்தேன். உலாவியைத் திறந்தால், இணைப்பு மறுக்கப்பட்டது என்ற செய்திதான் வந்தது.

மொழியியலிலிருந்து கணினிக்கு வந்தவர்கள் செய்யும் தவறுகளை நானும் வரிசையாகச் செய்தேன். முதலில் வைஃபையை ஐயுற்று ரௌட்டரை அணைத்துப் போட்டேன். அது வீண்வேலை. 127.0.0.1 என்பது கணினி தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரி. 127இல் தொடங்கும் ஏறத்தாழ 1.67 கோடி முகவரிகளும் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றுக்கு அனுப்பும் செய்தி கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. அடுத்து ஃபயர்வாலை நிறுத்தினேன். பயனில்லை. பிறகு, காரணம் எதுவும் யோசிக்காமல், கணினியை இருமுறை மறுதொடக்கம் செய்தேன். நள்ளிரவு தாண்டிவிட்டது.

அப்போதுதான் அந்தச் செய்தியை ஒரு வாக்கியமாக எடுத்துக்கொண்டு படித்தேன். வாக்கியங்களைப் படிப்பதுதானே என் தொழில்! 'மறுக்கப்பட்டது' என்பது 'பதில் வரவில்லை' என்பதன் வேறு வடிவம் அன்று. 1981 செப்டம்பரில் வெளியான டிசிபி விதிமுறை இதைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. யாரும் செவிமடுக்காத ஒரு போர்ட்டுக்குக் கோரிக்கை வந்தால், பெறும் கணினி 'ரீசெட்' என்ற குறியைத் திருப்பி அனுப்ப வேண்டும். உலாவி அதைத்தான் மறுப்பு என்று மொழிபெயர்க்கிறது. ஒரே கணினிக்குள் நடக்கும்போது, இந்த மறுப்பு கண்ணிமைக்கும் நேரம்கூட எடுப்பதில்லை. மாறாக, ஃபயர்வால் கோரிக்கையை ஓசையின்றி விழுங்கிவிட்டால் மறுப்பும் வராது. லினக்ஸ் தன் இயல்பான அமைப்பில் பல முறை மீண்டும் அழைத்துப் பார்த்து, இரண்டு நிமிடங்களுக்கு மேல் காத்திருந்து, நேரம் கடந்தது என்று கைவிடும். அந்தப் போர்ட்டை வேறொரு செயலி பிடித்துக்கொண்டிருந்தால், தொடர்பில்லாத ஏதோ ஒரு பக்கம் வந்து நிற்கும்.

ஆகவே மறுப்பு எனக்கு மூன்று செய்திகளைத் தந்திருந்தது: கணினி உயிரோடு இருக்கிறது, கோரிக்கை போய்ச் சேர்ந்தது, அங்கே கேட்க ஆளில்லை. நான் தேட வேண்டியது வழியை அன்று. வராமல் போன ஆளை.

அதன்பின் வேலை பத்து நிமிடங்களில் முடிந்தது. எந்தச் செயலி எந்தப் போர்ட்டில் செவிமடுக்கிறது என்று காட்டும் கட்டளையை இட்டேன். 8080 பட்டியலிலேயே இல்லை. அப்பாச்சி தொடங்கும்போதே விழுந்திருந்தது. அதன் அமைப்புகளைச் சரிபார்க்கும் கட்டளை, கோப்பின் ஐந்தாம் வரியில் போர்ட் எண் குறிப்பிடப்படவில்லை என்றது. ஐந்தாம் வரியிலோ 8080 என்பது என் கண்முன்னே இருந்தது! வரியைப் பைட்டு பைட்டாகப் பிரித்துப் பார்த்தேன். கடைசிச் சுழியத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் இருந்தன. அகலமே இல்லாத ஓர் ஒருங்குறி எழுத்து. 'க்ஷ' என்று கூட்டெழுத்தாகிவிடாமல் ககரத்தையும் ஷகரத்தையும் பிரித்து எழுதத் தமிழில் நாம் இடையில் இடுவது அதைத்தான். தமிழ்ச் சொற்கள் நிறைந்த என் குறிப்பேட்டுக் கோப்பிலிருந்து அவ்வரியை நகலெடுத்தபோது உடன் வந்திருக்கிறது. ஒலிக்காத உருபுகளுக்கெல்லாம் சுழிக்குறி இட்டுப் பழகிய எனக்கு, இந்தச் சுழி தப்பிவிட்டது.

அந்த மாற்றத்தைச் செய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதுவரை தளம் ஓடியதற்கும் காரணம் உண்டு. அமைப்புக் கோப்பை அப்பாச்சி தொடங்கும்போதுதான் படிக்கிறது. வியாழன் பகலில் எங்கள் பகுதியில் மின்சாரம் நின்று, என் பழைய பேட்டரியும் தீர்ந்து, கணினி அணைந்து மீண்டும் எழுந்தபோதுதான் பழைய பிழை வெளிப்பட்டது. ஆய்வு மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்க வரிசை இதுதான்: முதலில் செய்தி மறுப்பா, காத்திருப்பா என்று பாருங்கள். மறுப்பு என்றால், செவிமடுப்போர் பட்டியலைப் பாருங்கள். அங்கே பெயர் இல்லையென்றால், பிழைப்பதிவைப் படியுங்கள். ரௌட்டரைத் தொடவே வேண்டாம்.

பதிவை இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் தளம் ஓடத் தொடங்கிய பிறகும் எனக்கு உறக்கம் வரவில்லை.

நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். 'வருவாயா?' என்றால் 'கால் வலிக்கும்' என்பது போன்ற ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாக ஏற்கப்படுபவை. மறை, அதாவது மறுப்பு, நேரடி விடைகளுள் வைக்கப்பட்டிருக்கிறது. மௌனத்துக்கு அந்த எட்டில் இடமில்லை. ஷெக்லாஃப் 1968இல் வெளியிட்ட தொலைபேசி உரையாடல் ஆய்வும் இதற்கு அருகில் வந்து நிற்கிறது. அழைப்பு என்று ஒன்று நிகழ்ந்துவிட்டால், விடை வராமையும் ஒரு நிகழ்வாகிவிடுகிறது. அழைத்தவர் அந்த இன்மைக்குத் தாமே பொருள் கற்பிக்கத் தொடங்குகிறார்.

மூன்று வாரங்களுக்கு முன் என் தகவலாளர் ஒருவரின் மகன் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். கட்கியில் வாழும் முதிய அம்மையார் அவர். 47 நிமிடப் பதிவில், பேச்சோடு பேச்சாகக் குடும்பச் சொத்துத் தகராறு ஒன்றையும் சொல்லியிருந்தார். அப்பதிவை நீக்க முடியுமா என்று மகன் கேட்டிருந்தார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஆனால் மராத்தி இடைச்சொற்கள் தமிழ் வாக்கியத்தின் இறுதியில் வந்து ஒட்டும் இடங்கள் அப்பதிவில் 14 இருந்தன. என் மூன்றாம் இயல் அவற்றின் மேல் நிற்கிறது. 'ஆம்' என்றால் இயல் சரியும். 'இல்லை' என்றால் நேர்மை சரியும். நான் எதையும் சொல்லவில்லை. செய்தியைப் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். என் கணினி ஒரு நொடிக்குள் செய்துவிடும் மரியாதையை நான் மூன்று வாரங்களாகச் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, நெறியாளரைப் பார்க்கும் முன், அவரை அழைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இல்லன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல தம்பி. ஒண்ணுமே சொல்லலையா, அம்மா பேசினத நீங்க யாருக்கோ போட்டுக் காட்டுறீங்கன்னு நெனச்சுட்டோம்" என்றார். சொத்துச் செய்தி வரும் பகுதியை மட்டும் நீக்கினால் போதுமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, முழுவதையுமே நீக்கிவிடச் சொன்னார். சரி என்றேன். அழிப்பதற்கு முன் ஒரு படியை அவர்கள் குடும்பத்துக்கு அனுப்பினேன்.

நெறியாளரிடம் 14 எடுத்துக்காட்டுகள் குறைந்த இயலைத்தான் காட்டினேன். களப்பணிக்கு இன்னும் இரண்டு மாதங்கள் தேவைப்படும் என்றார். தேவைப்படும்தான்.

இதைப் படிக்கும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கைபேசியிலும் விடை தராத செய்தி ஒன்று இருக்கக்கூடும். 'முடியாது' என்பதுதான் உங்கள் விடை என்றாலும், இன்றே அதைச் சொல்லிவிடுங்கள்.