வீட்டுக்காரரும் குடியிருப்பவரும்

நாம் குடியிருக்கும் நகரில் திங்கள்தோறும் ஒரு செய்தித் தாள் வீடு வீடாகக் கொடுக்கப்படும். ஒரே தாள், இரு பக்கமும் அச்சு. காட்டுமன்னார்கோயிலின் ஓரத்தில், முன்னர் நஞ்சையாக இருந்து பின்னர் மனைகளாகப் பிரிக்கப்பட்ட நிலத்தில் எழுந்த சிறு நகர் நம்முடையது. அதன் குடியிருப்போர் நலச் சங்கத்தார் வெளியிடும் அத்தாளில் உலகை உலுக்கும் செய்தி எதுவும் இராது. மின்தடை எந்நாள், கொசு மருந்து எத்தெருவில், எரியாத தெருவிளக்குகள் எத்தனை, யார் வீட்டில் திருமணம், யார் வீட்டில் துக்கம், சந்தா பாக்கி எவ்வளவு, இவையே அதில் இருக்கும். ஆயினும் நாளிதழை ஒதுக்கி வைத்துவிட்டு இத்தாளை முதலில் படிப்போர் பலர். நாமும் அவ்வாறே. அயல் வீட்டுப் பிள்ளை தேர்வில் தேறினான் என்று அறியாமல் அயல் நாட்டுச் செய்தியை அறிந்து என்ன பயன்?

ஆனால் அத்தாளை நெடுநாள் படித்து வந்தவர்களுக்கு ஒன்று புலப்பட்டிருக்கும். அதில் வந்த திருமணங்களும் தேர்ச்சிகளும் பெரும்பாலும் சொந்த வீடு உள்ளவர்களின் இல்லங்களைச் சார்ந்தவை. நம் நகரில் மூன்றில் ஒரு பங்கினர் வாடகைக்கு இருப்பவர்கள். குப்பை அள்ளுவதற்கும் காவலாளிக்கும் அவர்களும் மாதந்தோறும் பணம் கொடுத்தார்கள். சங்கத்தின் பெயரோ ‘குடியிருப்போர்’ நலச் சங்கம். விதிகளிலோ உறுப்பினர் என்ற சொல்லுக்கு வீட்டு உரிமையாளர் என்றே பொருள் எழுதப்பட்டிருந்தது. எனவே குடியிருப்பவர்க்கு வாக்கில்லை. வெளியூரில் வாழ்ந்து கொண்டு இங்கே வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்க்கு வாக்கு உண்டு!

இது நம் நகரில் புதிதாக முளைத்த வழக்கமன்று. இம்மண்ணுக்கே பழையது. இன்றைய காட்டுமன்னார்கோயில் சோழர் காலத்தில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என வழங்கியது. வீரநாராயணன் என்பது 907 முதல் 955 வரை ஆண்ட முதற் பராந்தகனின் விருதுப் பெயர். நம் வீராணம் ஏரிக்கும் அப்பெயரே. அவன் மகன் இராசாதித்தன் அதை வெட்டுவித்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இவ்வூரில் நிலங்களையும் பொது அறங்களையும் மேற்பார்த்தது ‘பெருங்குறிப் பெருமக்கள்’ என்னும் சபை. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்துகளைப் பற்றி இராசராசன் பிறப்பித்த ஆணை, உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் இன்றும் கல்வெட்டாக நிற்கிறது. அரசனின் அந்த ஓலை வந்து சேர்ந்தது இச்சபைக்கே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊரார் கூடித் தம் காரியத்தைப் பார்த்துக்கொண்ட ஊர் இது.

அக்காலச் சபைகள் எவ்வாறு நடந்தன என்பதை அதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் விரிவாகக் கூறுகின்றன. அவை 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று பணிக்கு ஒரு வாரியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வர இயலாது. இந்த ஒரு விதியைப் படிக்கும்போதே நம் நெஞ்சு பெருமையால் நிறைகிறது.

அதே கல்லில் வேறு விதிகளும் உள. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். கற்றவர்க்கு நில அளவில் சற்றுச் சலுகை உண்டு. உழுதவனுக்கும் ஏரிக்கரையில் மண் சுமந்தவனுக்கும் குடத்தில் ஓலை இல்லை. அவன் வெட்டிய வாய்க்காலைப் பற்றி அவனைக் கேளாமலே முடிவு செய்தார்கள். ஆக, அக்கல்லில் நாம் ஏற்க வேண்டியதும் உண்டு; விட வேண்டியதும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் இவ்வுண்மை நமக்கு நன்கு விளங்கியது. நம் தாலுகாவில் மழை என்பது விளையாட்டன்று. கொள்ளிடத்து நீர் அணைக்கரையிலிருந்து வடவாற்றின் வழியாக வீராணத்துக்கு வருகிறது. சுமார் 45,000 ஏக்கர் பாசனத்தைத் தாங்கும் ஏரி அது. 2004ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகரின் தாகத்தையும் அது தணித்து வருகிறது. ஏரி நிரம்பிவிட்டால் லால்பேட்டையருகே வெள்ளியங்கால் ஓடையில் உபரி நீர் திறக்கப்படும். மேலே உள்ளவர்க்கு அது ஆறுதல். கீழே உள்ள ஊரார்க்கு அதுவே அச்சம். 2015ஆம் ஆண்டு நவம்பர்ப் பெருமழையைக் கடலூர் மாவட்டத்தில் மறந்தவர் யார்?

அந்த ஐப்பசியில் நம் நகரின் மூன்றாம் தெருவில் முழங்காலளவு நீர் நின்றது. நான்கு நாட்கள் வடியவில்லை. சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது. கடைசித் தெருவின் கோடியில் உள்ள மண் கரையை வெட்டிவிட்டால் இரண்டு மணி நேரத்தில் நீர் வடிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆனால் அக்கரைக்கு அப்பால் தாழ்வான நிலத்தில், கூலி வேலை செய்வோரின் குடிசைகள் இருபதுக்கு மேல் உள்ளன. நம் நீர் அங்கே இறங்கினால் அவர்கள் அன்றிரவு எங்கே படுப்பார்கள்? இக்கேள்வியைச் சிலர் எழுப்பினார்கள். ‘நம் சங்கம் நம் நகரைத்தான் பார்க்க முடியும்’ என்று பலர் விடை கூறினார்கள். கரையை வெட்டுவதெனத் தீர்மானம் எழுதவும் தொடங்கிவிட்டார்கள்.

அப்போது பின் வரிசையில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார். வாடகை வீட்டில் மகளோடு வாழ்பவர். பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து, மதகு திறந்து மூடியே ஓய்வு பெற்றவர். ‘உறுப்பினர்கள் மட்டுமே பேசலாம்’ என்று மேடையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் கையை இறக்கிவிட்டார். நல்லவேளையாகத் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுந்து, “ஐயா, சொல்லுங்கள். தண்ணீர் உங்கள் வீட்டுக்குள்ளும்தானே வந்திருக்கிறது?” என்றார்.

பெரியவர் நீட்டி முழக்கவில்லை. “இது வயலாக இருந்த காலத்தில் மூன்றாம் தெரு இருக்கும் இடத்தில்தான் வடிகால் வாய்க்கால் ஓடியது, ஐயா. மனை போட்டவர்கள் அதைக் குழாயாக்கி மேலே சாலை போட்டுவிட்டார்கள். அதன் வாய் மண்ணில் மூடியிருக்கும். அதைத் திறந்தால் நீர் பெரிய வடிகாலுக்கே போகும். கரையை வெட்டாதீர்கள். கீழே பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்றார்.

மறுநாள் காலை இளைஞர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். குடிசைப் பகுதியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், அழைக்காமலே வந்தார்கள். அவர் காட்டிய இடத்தில், இரண்டடி மண்ணுக்கும் பிளாஸ்டிக் குப்பைக்கும் கீழே சிமெண்டுக் குழாயின் வாய் கிடைத்தது. மாலைக்குள் தெருவில் நீர் பாதியாகக் குறைந்தது. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. பெரிய வடிகால் பல இடங்களில் இன்னும் குறுகியே கிடக்கிறது. அதற்கான மனுவில் நம் நகராரும் கீழ்ப்பகுதியாரும் சேர்ந்தே கையொப்பமிட்டுள்ளார்கள். சேர்ந்து இட்ட அக்கையொப்பமே ஒரு பெரிய செய்தி என்று நாம் எண்ணுகிறோம்.

அடுத்த பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வந்தது. நீண்ட விவாதம் நடந்தது. ‘வாடகைக்கு இருப்பவர் நாளை போய்விடுவார், கடன் நம் தலையில்தானே?’ என்ற அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆதலின் ஒரு நடுவழி காணப்பட்டது. சாலை, கட்டடம் போன்ற பெருஞ்செலவுக்கு உரிமையாளர் வாக்கு. நீர், குப்பை, விளக்கு, காவல் போன்ற அன்றாடக் காரியங்களுக்குக் குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாக்கு. செயற்குழுவில் இரண்டு இடங்கள் வாடகைக் குடும்பத்தார்க்கு. லஸ்கர் பெரியவர் அவற்றுள் ஒன்றை ஏற்க மறுத்தார். அவர் மகள் ஏற்றார்.

அன்பர்களே, நம் பங்குக் குடும்பங்களுள் பல இன்று இத்தகைய புது நகர்களில் வாழ்கின்றன. சிலர் சொந்த வீட்டில், பலர் வாடகையில். உங்கள் நகரிலும் சங்கம் இருக்கலாம். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அது பதிவு பெற்றிருந்தால், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கைப் படிக்க வேண்டும். அக்கூட்டத்துக்குச் செல்லுங்கள்; கணக்கைக் கேளுங்கள். கேட்பது சண்டையன்று, கடமை. மனைப்பிரிவின் சாலைகளும் பூங்கா இடமும் தானப்பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டனவா என்று பாருங்கள். பழைய வாய்க்கால் எவ்வழியே சென்றது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். வரைபடத்தில் அழிக்கப்பட்ட வாய்க்காலை மழை ஒருநாளும் மறப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டத்தில் பின் வரிசையில் நிற்பவர் யார் என்று திரும்பிப் பாருங்கள். கணக்குக் காட்டாதவனை விலக்கிய பழைய விதியை நாம் போற்றிக் காப்போம். நிலமில்லாதவனை விலக்கிய பழைய விதியை அக்கல்லோடு விட்டுவிடுவோம். தன்னைப் போல் அயலானை நேசி என்று கேட்டு வளர்ந்த நமக்கு, அயலான் யார் என்பதற்கு வீட்டுப் பத்திரம் சான்றாகாது.

சென்ற மாதத் தாளில், சந்தா பாக்கிப் பட்டியலுக்கு மேலே, கரைக்கு அப்பாலிருந்து படிக்கும் ஒரு மாணவி பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய செய்தி வந்திருந்தது. பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.